வேலூரில் இருந்தபடி அமெரிக்க டெரிட்டரி கவர்கள் சேகரிப்பது எப்படி

அமெரிக்காவின் 50 மாநிலங்களில் பாதிக்கு மேல், மாநிலம் ஆவதற்கு முன்னால் 'டெரிட்டரி'யாக இருந்தவை. வாஷிங்டனிலிருந்து நியமித்து அனுப்பிய கவர்னர், அங்கங்கே குடியேறிய ஜனம், ஆற்றங்கரையில் ஒரே ஒரு தெரு, அந்தத் தெருவில் மளிகைக் கடைக்குள்ளேயே தபால் ஆபீஸ். அந்தக் காலத்தில் அங்கிருந்து போன கடிதங்களைத்தான் டெரிட்டரி கவர் என்கிறோம். நான் காட்பாடி ஆர்.எம்.எஸ்ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், கடிதம் பிரித்தவன். சி.எம்.சி.க்கு வேலையாக வந்திருந்த அமெரிக்கர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்த பழைய கடிதம் ஒன்றுதான் என்னை இதில் இழுத்துவிட்டது. போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி வந்து, "சார், நானும் ஆரம்பிக்கணும், எங்கிருந்து தொடங்குறது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இந்த விஷயத்தின் அடிப்படை வடஆற்காட்டுக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். 1911 வரை வடஆற்காட்டுக்குச் சித்தூர்தான் தலைநகரம். அப்புறம் சித்தூர் தனி மாவட்டம் ஆனது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. வாணியம்பாடியில் மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் இருப்பவருக்கும் விலாசத்தில் மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அமெரிக்க டெரிட்டரிகளிலும் இதேதான், இன்னும் வேகமாக. மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் டுபியூக் என்று ஒரு ஈயச் சுரங்க ஊர். 1834-இல் அது மிச்சிகன் டெரிட்டரியில் சேர்ந்தது. 1836 ஜூலையில் விஸ்கான்சின் டெரிட்டரி. 1838 ஜூலையில் அயோவா டெரிட்டரி. 1846 டிசம்பர் 28 முதல் அயோவா மாநிலம். பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு பெயர். அந்த ஊரிலிருந்து போன கடிதம் எதில் சேரும் என்பதைத் தேதிதான் முடிவு செய்யும்.

அதனால் ஒரு கவரைக் கையில் எடுத்தால், அல்லது திரையில் பார்த்தால், நான் மூன்று கேள்வி கேட்பேன். எந்த ஊர்? எந்த நாள்? எவ்வளவு கட்டணம்? மூன்றுக்கும் தனித்தனியாக விடை கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் கவர் நல்ல கவர். ஒன்று இடித்தாலும் பணத்தை எடுக்காதீர்கள். அழகு, அரிது, விலை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஊரிலிருந்து தொடங்குவோம். முத்திரையில் டெரிட்டரியின் பெயர் பெரும்பாலும் சுருக்கமாகத்தான் இருக்கும். சுருக்கத்தை நம்பி வாங்கக் கூடாது. 'டபிள்யூ.டி.' என்றால் விஸ்கான்சினாக இருக்கலாம், வாஷிங்டனாக இருக்கலாம், வயோமிங்காகவும் இருக்கலாம். 'எம்.டி.' மிச்சிகன், மின்னசோட்டா, மொன்டானா மூன்றுக்கும் பொருந்தும். 'ஐ.டி.' இன்னும் மோசம்: இண்டியானா, இல்லினாய், அயோவா, ஐடஹோ, போதாததற்கு இண்டியன் டெரிட்டரி. ஊர்ப் பெயரும் ஏமாற்றும். வர்ஜீனியா சிட்டி என்று நெவாடாவில் ஒன்று, மொன்டானாவில் ஒன்று, இரண்டும் சுரங்க ஊர்கள். மொன்டானாவில் இருக்கும் வர்ஜீனியா சிட்டி 1863-இல் பிறந்தபோது ஐடஹோ டெரிட்டரியில் இருந்தது. 1864 மே 26-இல்தான் மொன்டானா டெரிட்டரியே உருவானது. அந்தச் சில மாதத்துக் கவர் கிடைத்தால் பெரிய விஷயம். டென்வரும் இப்படித்தான். 1861 ஜனவரி 29-இல் கான்சாஸ் மாநிலம் ஆகும் வரை அது கான்சாஸ் டெரிட்டரி. 1861 பிப்ரவரி 28-இல்தான் கொலராடோ டெரிட்டரி உருவானது. 'டென்வர் சிட்டி, கே.டி.' என்று முத்திரை பார்த்தால் தவறு என்று நினைத்துவிடாதீர்கள்.

தேதிகளைச் சின்ன நோட்டில் எழுதி எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பவை: மின்னசோட்டா டெரிட்டரி 1849 மார்ச் 3 முதல் 1858 மே 11 வரை. கான்சாஸ் 1854 மே 30 முதல் 1861 ஜனவரி 29 வரை. நெப்ராஸ்காவும் அதே 1854 மே 30-இல் தொடங்கி 1867 மார்ச் 1 வரை. டகோட்டா 1861 மார்ச் 2 முதல் 1889 நவம்பர் 2 வரை, அன்றே வடக்கு, தெற்கு என இரண்டு மாநிலம். யூட்டா 1850 செப்டம்பர் 9 முதல் 1896 ஜனவரி 4 வரை. நியூ மெக்சிகோவும் அரிசோனாவும் 1912 வரை டெரிட்டரியாகவே இருந்தன. கலிபோர்னியா இந்தப் பட்டியலில் வராது. அது டெரிட்டரியாக இல்லாமலே 1850 செப்டம்பர் 9-இல் நேராக மாநிலம் ஆனது. "கலிபோர்னியா டெரிட்டரி கவர்" என்று யாராவது விற்றால் விற்பவருக்கு விஷயம் தெரியவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்து முத்திரைகள் பலவற்றில் நாளும் மாதமும் இருக்கும், வருடம் இருக்காது. அதோடு, மாநிலம் ஆன பிறகும் சின்ன ஊர் போஸ்ட்மாஸ்டர்கள் பழைய முத்திரையையே தேயும் வரை குத்திக்கொண்டிருந்தார்கள். அதனால் வருடத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். கடிதம் உள்ளே இருந்தால் மேல் வரியில் தேதி இருக்கும். உறை மட்டும் இருந்தால் அதன் ஓரத்தைப் பாருங்கள். வாங்கியவர் கோப்பில் வைப்பதற்காக 'இன்னாரிடமிருந்து, இன்ன தேதி, பதில் எழுதியாயிற்று' என்று குறித்திருப்பார். வக்கீல், வியாபாரி வீட்டுக் கவர்களில் இது நிறைய கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் தபால் தலை எந்த வெளியீடு என்று பார்த்துக் கீழ் எல்லையாவது கட்டலாம்.

இனி கட்டணம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பொய்யை அதிகம் காட்டிக்கொடுப்பதும் இதுதான்.

1845 ஜூன் 30 வரை அமெரிக்கத் தபால் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது, தாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எடை பெரும்பாலும் கணக்கில் வராது. 30 மைல் வரை 6 சென்ட், 80 மைல் வரை 10, 150 மைல் வரை 12½, 400 மைல் வரை 18¾, அதற்கு மேல் 25. இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு, அதனால் யாரும் உறை போடவில்லை. ஒரு பெரிய தாளில் மூன்று பக்கம் எழுதி, நாலாம் பக்கம் வெளியே வரும்படி மடித்து, அரக்கு வைத்து, அதன்மேல் விலாசம் எழுதினார்கள். தபால் தலையும் 1847 வரை கிடையாது. இதைத்தான் ஸ்டாம்ப்லெஸ் கவர் என்கிறார்கள்.

இந்த அரை, முக்கால் சென்ட் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று அந்தத் தம்பி கேட்டார். அன்றைக்கு அமெரிக்காவில் புழங்கிய சில்லறை ஸ்பானிஷ் வெள்ளி நாணயம். ஒரு டாலருக்கு எட்டு ரியால். ஒரு ரியால் 12½ சென்ட், ஒன்றரை ரியால் 18¾, இரண்டு ரியால் 25. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த எண்களைப் பார்த்ததும் தெரிந்துவிடும்: ரூபாய்க்குப் பதினாறு அணா, ஆக இரண்டணா 12½ பைசா, மூன்றணா 18¾, நாலணா 25. மடித்த கடிதத்தின் மூலையில் 37½ என்று கண்டால் மூன்றணாவின் இரட்டிப்பு, ஆறணா, அதாவது பெரும்பாலும் 150 மைலுக்கு மேல் 400 மைலுக்குள் போன இரண்டு தாள் கடிதம் என்று மனசிலேயே போட்டுவிடலாம். அங்கே அந்த ஸ்பானிஷ் நாணயங்கள் 1857 வரை செல்லுபடியாயின.

1845 ஜூலை 1-இல் எல்லாம் மாறியது. அரை அவுன்ஸுக்கு, 300 மைலுக்குள் 5 சென்ட், அதற்கு மேல் 10. 1851 ஜூலை 1 முதல் முன்பணம் கட்டினால் 3,000 மைல் வரை 3 சென்ட், கட்டாமல் அனுப்பினால் 5. 1855 ஏப்ரல் 1 முதல் முன்பணம் கட்டாயம், 3,000 மைலுக்கு மேல் 10 சென்ட். 1856 ஜனவரி முதல் தபால் தலை ஒட்டுவதும் கட்டாயம். 1863 ஜூலை 1 முதல் எவ்வளவு தூரம் போனாலும் 3 சென்ட். 1883 அக்டோபர் 1 முதல் 2 சென்ட். இந்த ஒரு பத்தியை மனப்பாடம் செய்தால் போதும். ஏலப் பட்டியலில் ஓடும் பாதிக் கவர்களுக்கு நீங்களே தேதி எல்லை கட்டிவிடலாம். 1858-இல் போன கான்சாஸ் கவர் என்று சொல்லி, தபால் தலையே இல்லாமல் கையால் 5 என்று மட்டும் எழுதியிருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

என்னிடம் இருக்கும் ஒரு கவரை வைத்து இதைக் காட்டுகிறேன். நீலம் கலந்த சாம்பல் நிறத் தாள், ஒரே தாள். உள்ளே மேல் வரியில் டுபியூக், விஸ்கான்சின் டெரிட்டரி, 1838 பிப்ரவரி. வெளியே விலாசம் வெர்மான்ட்டில் ஒரு கிராமம். மேல் வலது மூலையில் பழுப்பு மையில் 25. 'பெய்டு' என்று எங்கும் இல்லை, ஆக வாங்குபவர் கொடுத்திருக்க வேண்டிய காசு. முத்திரையில் மாதமும் நாளும் மட்டும். சரி, கேள்விகளைப் போடுவோம். டுபியூக்கிலிருந்து வெர்மான்ட் 400 மைலுக்கு மேல், ஒரு தாள், 25 சென்ட்: கட்டணம் சரி. 1838 பிப்ரவரியில் அந்த ஊர் விஸ்கான்சின் டெரிட்டரி: சரி. அடுத்து மாதத்தைப் பார்த்தேன். பிப்ரவரியில் அங்கே மிசிசிப்பி உறைந்து கிடக்கும், நீராவிப் படகு ஓடாது, தபால் தரைவழிதான். படகில் வந்து சேரும் கடிதங்களுக்கு 'ஸ்டீம்' என்று ஒரு முத்திரை குத்துவார்கள், அது இருந்தால் விலை கூடும், அதனாலேயே பிற்காலத்தில் கள்ளமாகக் குத்தியும் விற்பார்கள். இந்தக் கவரில் அது இல்லை. பிப்ரவரிக் கடிதத்தில் இருக்கவும் கூடாது.

உள்ளே இருக்கும் விஷயம் இன்னும் பலமான சாட்சி. எழுதியவர் தம்பி, விலாசதாரர் அண்ணன். ஈயத்தின் விலை, மாவு கிடைக்காத கஷ்டம், ஒரு குளிர்ஜுரம். அப்புறம், தான் பிடித்து வைத்திருக்கும் நிலத்தை அரசு விற்பனைக்கு விடும் வரை வேறு யாரும் நுழையாமல் காக்க வேண்டியிருக்கிறது என்று எழுதுகிறார். டுபியூக்கில் அரசு நில விற்பனை தொடங்கியது 1838 நவம்பரில். ஆக பிப்ரவரியில் அவர் காத்திருப்பது பொருந்துகிறது. மூன்றாம் பக்கத்தில் இடம் போதாமல், தாளைக் குறுக்கே திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே மறுபடி எழுதியிருக்கிறார். இன்னொரு தாள் எடுத்தால் அண்ணன் ஐம்பது சென்ட் கொடுக்க வேண்டும். அண்ணனின் காசை மிச்சம் பிடிக்கப் பட்ட அந்தப் பாடு எனக்கு இந்தக் கவரின் முத்திரையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. உள்ளே கடிதம் இருக்கும் கவரையே தேடி வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

குறுக்கெழுத்தைப் படிக்க ஒரு வழி: 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, படத்தைத் திரையில் சுழற்றி, ஒரு திசை வரிகளை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். மங்கிய முத்திரைக்கும் ஸ்கேன்தான். சிவப்பு, நீலம், பச்சை அடுக்குகளைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்றில் எழுந்து வரும்.

போலிகளைப் பற்றி. இந்தத் துறையில் முழுக் கவரையே புதிதாகச் செய்வது குறைவு. உண்மையான, மலிவான கவரில் ஏதாவது சேர்ப்பதுதான் அதிகம். தபால் தலை இல்லாத கவரில் பிறகு ஒரு தலையை ஒட்டுவார்கள். அதனால் முத்திரையின் மை தலையிலிருந்து உறைமேல் தொடர்ச்சியாக ஓடுகிறதா, வளைவு உடையாமல் சேர்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். தலையைச் சுற்றி வேறொரு தலை இருந்து கிழித்த பசைத்தடம் தெரிகிறதா என்றும் பாருங்கள். ரூபாய் நோட்டு சோதிக்க விற்கும் யு.வி. டார்ச் ஒன்று போதும். இருட்டு அறையில் அடித்தால் பிற்காலத்துக் காகிதமும் ஒட்டுப்போட்ட பசையும் வெளுத்துப் பளிச்சிடும். போனி எக்ஸ்பிரஸ் கவர்களை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். மிசௌரியின் செயின்ட் ஜோசப்பிலிருந்து கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ வரை குதிரை மாற்றி மாற்றி 1860 ஏப்ரல் முதல் 1861 அக்டோபர் வரைதான் அது ஓடியது. தொடக்கத்தில் அரை அவுன்ஸுக்கு 5 டாலர். நல்ல கவர் ஆயிரக்கணக்கான டாலர், போலிகளும் ஏராளம்.

விலை கூடிய கவர் என்றால் நிபுணர் சான்றிதழ் கேளுங்கள். நியூயார்க்கின் பிலாட்டலிக் பவுண்டேஷன், அமெரிக்கன் பிலாட்டலிக் சொசைட்டி இரண்டும் தருகின்றன. வேலூருக்கு வந்த பிறகு திருப்பி அனுப்புவது செலவு, பயம். விற்பவரிடம் பேசி, அங்கிருந்தே நேராகச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி, சான்றிதழோடு வாங்குவது நல்லது.

தகவலுக்குப் புத்தகம் வாங்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்841 என்ற மைக்ரோபிலிம் தொகுப்பு இருக்கிறது. 1832 முதல் ஒவ்வொரு தபால் ஆபீஸுக்கும் யார் எப்போது போஸ்ட்மாஸ்டராக நியமிக்கப்பட்டார், ஆபீஸ் எப்போது மூடியது, பெயர் எப்போது மாறியது எல்லாம் அதில் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) வாரியாக இருக்கிறது, ஸ்கேன் படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சில மாதமே இருந்து மூடிப்போன ஆபீஸ் என்று தெரிந்தால் அந்த ஊர்க் கவரின் அருமை புரியும். அமெரிக்க அரசு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியிட்ட அபிஷியல் ரெஜிஸ்டரில் ஒவ்வொரு போஸ்ட்மாஸ்டரின் வருமானமும் இருக்கும். வருமானம் குறைவென்றால் அங்கே கடிதப் போக்குவரத்தும் குறைவு. கடிதம் எழுதியவரின் பெயர் கிடைத்தால் நிலப் பதிவுகளை வைத்திருக்கும் பீரோ ஆஃப் லேண்ட் மேனேஜ்மென்ட்டின் தளத்தில் தேடுங்கள். அவருக்கு அரசு கொடுத்த பட்டாவே படமாக வரும். முதல் தடவை ஒரு பெயர் அப்படிக் கிடைத்தபோது நான் அன்று ராத்திரி தூங்கவில்லை. பழைய வரைபடத்துக்கும் செய்தித்தாளுக்கும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளம்.

எங்கே தொடங்குவது? 1880-களின் டகோட்டாவில். 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் நிலம், பின்னாலேயே வந்த ரயில், இவற்றால் ஜனம் குவிந்த காலம். கடிதங்கள் ஏராளமாகப் போனதால் கவர்கள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. ஃபார்கோ, யாங்டன், பிஸ்மார்க் பக்கம் ஆரம்பித்து, உறையின் மூலையில் ஹோட்டல், வங்கி, நிலத் தரகர் விளம்பரம் அச்சிட்டவற்றைத் தேடுங்கள். 3 சென்ட் 2 சென்ட்டாக மாறிய 1883 அக்டோபருக்கு இரு பக்கமும் ஒன்று ஒன்று வாங்குங்கள். 1889 நவம்பர் 2-க்கு இரு பக்கமும் ஒன்று ஒன்று. இந்த நாலு கவரை ஒழுங்காக ஆராய்ந்து எழுதினாலே கை படிந்துவிடும். அரிசோனா, ஐடஹோ, வயோமிங் எல்லாம் விலை அதிகம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். எல்லா டெரிட்டரியிலும் ஒன்று ஒன்று வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். ஒரு கவுண்டியை முழுதாகத் தெரிந்தவரிடம்தான் மற்றவர்கள் சந்தேகம் கேட்டு வருவார்கள்.

ஆன்லைன் ஏலத்தில் கவரின் விலையைவிடத் தபால் செலவு அதிகமாகிவிடும். ஒரே விற்பனையாளரிடம் பல கவர்களைச் சேர்த்து வாங்கி, ஒரே பார்சலில், இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில், ட்ராக்கிங்கோடு அனுப்பச் சொல்லுங்கள். பின்பக்கப் படமும் உள்பக்கப் படமும் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். பில்லை வெளியே ஒட்டச் சொல்லுங்கள், சுங்கத்தில் கேள்வி வந்தால் உதவும்.

நம் ஊரில் பத்திரப்படுத்துவது தனி வேலை. ஏப்ரல், மே வெயிலில் தாள் காய்ந்து மொரமொரப்பாகும், அந்த மாதங்களில் மடித்த கடிதத்தைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள், மடிப்போடு கையில் வந்துவிடும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறும், பூஞ்சை வரும். பீரோவில் சிலிகா ஜெல் வையுங்கள், மாதம் ஒரு தடவை மாற்றுங்கள். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறைதான் நல்லது, சாதாரண பி.வி.சி. கவரில் போட்டால் நாளடைவில் பிசுபிசுத்துத் தாளில் ஒட்டும். பாச்சை உருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளைக் கெடுக்கும். இராமபாணப் பூச்சிக்கு மருந்தைவிட மாதா மாதம் எடுத்துப் பார்ப்பதே மேல். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது.

கடைசியாக, ஒவ்வொரு கவருக்கும் ஒரு தாள் எழுதுங்கள். ஊர், கவுண்டி, அன்றைய டெரிட்டரி, தேதி, கட்டணம், போன வழி. தேதியை எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று அவசியம் எழுதுங்கள். கடிதத்தின் முழுப் பிரதியும், கீழே தமிழில் சுருக்கமும் இருக்கட்டும். வாங்கிய விலையைப் பின்பக்கம் பென்சிலில் குறியுங்கள். எழுதுவதெல்லாம் இந்தத் தாளில்தான், கவர்மேல் பென்சில் கூடப் படக் கூடாது.